காண்டாக் கம்பு தூரம்

என் மதினி வீட்டுப் பேத்திக்கு அலோர் காஜாவில் மஞ்சள் நீராட்டு நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை.

மறந்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ள நான் அந்த வீட்டுக்கு மூன்றாம் மனுஷி இல்லை. அங்கே எந்தப் பெண் பிள்ளை பெரியவளானாலும் முதல் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு, தாலியில்லாதவளை முன்னே நிறுத்துவதா என்று சில பெண்கள் முனகினார்கள். மதினி அவர்கள் வாயை அடைத்தாள். "எங்கப்பா கட்டுன குடிசையில உக்காந்தவ. இவ ஊத்தாம வேற எவ ஊத்துறது?" என்றாள். அப்படிச் சொன்னவள்தான் இப்போது என்னைக் கூப்பிடவில்லை.

விசேஷம் நடந்ததே எனக்கு மருமகளின் கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரியும். என் மருமகள் இங்கே புக்கிட் ரம்பாயில் பேக்டரியில் வேலை செய்கிறாள். வேலை விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னால் கைப்பேசியைத் திறப்பாள்.

"அத்த, ஒங்க மதினி பேத்தி ஃபங்ஷன் பாருங்க. டேவான்ல வச்சிருக்காங்க. கேக்கே மூணு அடுக்கு லா," என்று நீட்டினாள்.

பார்த்தேன். பெரிய மண்டபம். பிள்ளை தங்க நிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மதினி பட்டுப் புடவையில் நின்றாள். தண்ணீர் ஊற்றுகிறவள் யாரோ ஒருத்தி. சொம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே அவளுக்கு அது பழக்கமில்லை என்று தெரிந்தது.

"நமக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"அத எங்கிட்ட கேட்டா? ஒங்களுக்குள்ள என்ன சண்டையோ."

"எனக்கும் அவளுக்கும் சண்டையே வந்ததில்ல."

"ஒங்ககூட. சண்டையே இல்லாம," என்று மருமகள் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். அவள் வாய் அப்படி. நானும் விட்டுவிடுவேன், சோறு ஆக்கிப் போடுகிறவளைப் பகைத்துக்கொள்ள முடியுமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு அலோர் காஜா பாசாருக்குப் போனேன். மீன் வாங்க என்று சொன்னேன். மீன் புக்கிட் ரம்பாயிலும் கிடைக்கும். ஞாயிறு தவறாமல் மதினி அங்கே காய்கறி வாங்க வருவாள் என்பது எனக்குத் தெரியும். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். "மதினி" என்றேன். திரும்பினாள். அவள் கைப்பிள்ளையாக இருந்தபோதிலிருந்து நான் பார்க்கிற முகம் அது. அதில் அப்படி ஒரு வெறுப்பை நான் கண்டதில்லை.

"அப்படிக் கூப்புடாத."

"ஏன்?"

"எங்கப்பாவப் பத்தி ஊரு பூராப் படிக்கிற மாதிரி சொல்லி எழுத வச்சிட்டு, எந்த மொகத்த வச்சிக்கிட்டு என்ன மதினிங்கிற? செத்த மனுசன் எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாருன்னுதானே?"

பொறுக்கிய கத்தரிக்காயைத் தராசுத் தட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நல்ல பிஞ்சும்மா, நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்றார். எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

எழுதியது என்று அவள் சொன்னது எது என்று வீடு வந்து சேருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு புத்தகம் இருந்தது. நான்தான் அங்கே வைத்தேன். அட்டையில் சந்தனம்கூட வைத்திருந்தேன்.

அதைக் கொடுத்தவள் மலாக்கா டவுனில் ஆசிரியையாக இருக்கிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவளுடைய பாட்டனார் ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணியாக, ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகத்தில், இருந்தாராம். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எப்படி வளர்ந்து ஆளானார்கள் என்று ஒரு நாவல் எழுதப் போவதாகக் கோயிலில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு முறை இல்லை, பல முறை வந்தாள். வரும்போதெல்லாம் மீன் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிடுவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பாள், நான் சொல்வேன். என் வாழ்க்கையில் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. பிறகு போன வருஷம் புத்தகத்தோடு வந்தாள். "இது உங்கட கதைதான் அம்மா," என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன், கோயில் நோட்டீஸ் படிப்பேன். அவ்வளவு தடித்த புத்தகம் நமக்கு எதற்கு என்று சாமியிடம் வைத்துவிட்டேன்.

பாசாரிலிருந்து வந்த அன்றைக்கே அதை எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். வேலையில்லாத நாள்களில் அவள் வாசித்தாள். அவளும் ஆறாம் வகுப்பு வரைதான் தமிழ், பிறகெல்லாம் மலாய். தட்டுத் தடுமாறித்தான் படித்தாள், ஆனாலும் நடுநடுவே பேசாமல் இருக்க மாட்டாள்.

அந்தப் புத்தகத்தில் நான் பக்கத்துக்குப் பக்கம் அழுதேன். மரத்தில் சாய்ந்து அழுதேன், கிணற்றில் முகம் பார்த்து அழுதேன். "நான் யார், நான் யார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அத்த, நீங்க இப்படியெல்லாம் கேட்டீங்களா?"

"யாரு கிட்ட கேக்குறது? மரத்துக்கிட்டயா?"

"கெணத்துக்கிட்ட கேட்டிருக்கீங்க. எழுதியிருக்கு."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிணறே கிடையாது, குழாய்தான். இருக்கட்டும். நான் யார் என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இன்னாருடைய மகள், இன்ன நிரையில் ரப்பர்ப் பால்மரம் சீவுகிறவளின் மூத்த பிள்ளை. சந்தேகம் வந்தது ஆபீசுக்காரர்களுக்குத்தான். இங்கேயே பிறந்த என் அம்மாவிடம் பிறந்த சூராட், அந்தப் பதிவுப் பத்திரம், இல்லை என்று சிவப்பு ஐ.சி. கொடுத்து, சாகிற வரைக்கும் வேற்று நாட்டுக்காரியாகவே வைத்திருந்தார்கள். அதைப் பற்றியும் அந்த ஆசிரியையிடம் நிறையச் சொன்னேன். அது புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அழுகைக்குத்தான் இடம் நிறைய.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளை ஒரு பையோடு பஸ் ஏறித் தோட்டத்தை விட்டுப் போகிறாளாம். அப்போதுதான் அவளுக்குத் தான் யார் என்று தெரிகிறதாம். மருமகள் அந்தக் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்துச் சொல்லிவிட்டாள், அவளுக்குப் பொறுமை கிடையாது. நான் பஸ் ஏறவில்லை. தோட்டத்திலேயே இருந்து, மரம் சீவி, பிள்ளை பெற்று, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு எங்களை வெளியே அனுப்புகிற வரைக்கும் அங்கேயே கிடந்தேன். ஏறாதவளுக்குத் தன்னைத் தெரியாதா? இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பிள்ளை வளர்ந்தாள் என்றால் அவள் ஓடிப் போயிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே வளர்ந்தவள் கணக்கில் வர மாட்டாள்.

நடுவில் ஓர் இடம் வந்ததும் மருமகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கண் மட்டும் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல அத்த. இது வேணாம்."

"படி."

"நான் படிக்க மாட்டேன் அத்த. சத்தியமா."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அத்தியாயத்தை நானே படித்தேன். விரல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு வரி முடிந்தால் முதலிலிருந்து மறுபடியும் படித்து. பகல் முழுவதும் போய்விட்டது. சோறு உலையில் குழைந்துபோனது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை என் கையால் நான் எழுத மாட்டேன். இவ்வளவு சொன்னால் போதும்: பெரியவளான பிள்ளை பச்சை ஓலைக் குடிசையில் தனியாக இருக்கிறாள். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறாள். குடிசை கட்டிய மாமன், பால் ஸ்டோரில் நிறுவை போடுகிறவர், கால் இழுத்து இழுத்து நடக்கிறவர், உள்ளே வருகிறார்.

பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? எங்கள் தோட்டத்தில் கால் இழுத்து நடந்தவர் ஒருவர்தான். பால் நிறுவை போட்டவரும் அவர்தான். மதினியின் அப்பா. ரெம்பியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்து சிதறிப்போன எந்த வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், படிக்கிறவர்கள் கண் முன்னால் அவர் நடந்து வருவார்.

நடந்தது இது.

என் அப்பா காய்ச்சலில் போனபோது தம்பி தொட்டிலில் கிடந்தான். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. நான் பெரியவளானதும் அம்மா சந்தோஷப்படவில்லை, பயந்துபோனாள். தாய்மாமன் ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும், மாமன் எங்கே? எதிர் வீட்டில் இருந்தார் ஸ்டோர்க்காரர். எங்களுக்குச் சொந்தமில்லை, ஊரும் வேறு, சாதியும் வேறு. "நான் ஒனக்கு அண்ணன்னு நெனச்சுக்க தங்கச்சி," என்று அம்மாவிடம் சொன்னாராம். கோயிலடித் தென்னையில் ஓலை வெட்ட வாலிபர்கள் முன்வந்தார்கள். அவர் விடவில்லை. "மாமன் நானுன்னா, மரம் நாந்தான் ஏறணும்," என்று அந்தக் காலோடு ஏறினார். கீழே நின்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

குடிசையை லயத்துக்குப் பின்னால், சின்ன வாய்க்காலை ஒட்டி இந்தப் பக்கம் கட்டினார். கட்டி முடித்து ஓலைத் தட்டியைச் சாத்தியவர் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். தீட்டுக் கழிகிற வரைக்கும் ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். வெள்ளனே பிரட்டுக்குப் போகிற அம்மா வேலைக்களத்தில் பேர் கொடுக்காமல் இருக்க முடியாது, அன்றைக்குச் சோறு அதில்தான். அவள் போன பிறகு விடிகிற வரைக்கும் நான் தனியாக இருக்கக் கூடாது என்று தன் மகளையே என்னோடு குடிசைக்குள் விட்டார். அதுதான் மதினி. அப்போது அவளுக்கு நாலு வயது. என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். ஓலை அசைந்தால் போதும், லயமே எழுந்திருக்கிற மாதிரி "அப்பா" என்று கத்துவாள். எனக்கு வருகிற உளுத்தங்களியில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போனது.

ஸ்டோருக்குப் பால் வர நேரமாகும். அதுவரைக்கும் அவருக்கு வேலையில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கட்டையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். மகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் காண்டாக் கம்பின் நுனியில் மாட்டி நீட்டுவார். காண்டாக் கம்பு என்பது இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, தோளில் வைத்துத் தூக்குகிற கம்பு. ஆள் உயரத்துக்கு இருக்கும். பிஸ்கட் பொட்டலம், சின்னத் தூக்கில் மைலோ, ஒரு நாள் அவளுடைய பாவாடை. கம்பு வாய்க்காலைத் தாண்டி, தட்டிக்கு அடியில் நுழைந்து வரும். கம்பு வரும், அவர் வர மாட்டார். அந்த நாள்கள் முழுவதும் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கம்பு தூரம். கடைசி நாள் நான் குளித்து, குடிசையைக் கொளுத்திய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சேலையை என் கையில் கொடுத்துவிட்டு, "மாமாவக் கும்புடு," என்றார். அதற்குப் பிறகு என் கல்யாணம், என் பிள்ளைகளுக்குக் காது குத்தல், எல்லாவற்றுக்கும் மாமன் அவர்தான். என் வீட்டுக்காரர் செத்தபோது மாமா உயிரோடு இல்லை. மதினியின் அண்ணன் கோடிச் சேலை கொண்டுவந்தான்.

இதையெல்லாம் அந்த ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். களி, கத்தல், கம்பு, எல்லாம்.

மருமகளை விட்டு அவளுக்குப் போன் போடச் சொன்னேன். வருவதற்கு ஒரு வாரம் இழுத்தாள். பிறகு ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றாள். மீன் குழம்பு வைக்கவில்லை. பால் ஊற்றாத கோப்பி ஓ மட்டும் கொடுத்தேன். அதுவும் மருமகள் போட்டது.

"யாருடி சொன்னா ஒனக்கு, எங்க மாமா உள்ள வந்தாருன்னு?"

"அம்மா, அது உங்கட மாமா இல்லை. அது கதை. நான் கற்பனை செய்த ஒரு ஆள்."

"காலுமா கற்பனை? ஸ்டோருமா கற்பனை?"

அவள் கோப்பியைத் தொடவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். வகுப்பில் பேசிப் பழகிய குரல். "இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு நடந்திருக்கு அம்மா. வாயைத் திறக்காமலே செத்தவங்க இருக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் எழுதினேன். வாசிச்சிட்டு எத்தனை பொம்பிளைகள் எனக்குப் போன் பண்ணி அழுதாங்க, தெரியுமா?"

அது பொய் இல்லை. எங்கள் தோட்டத்திலும் ஒருத்திக்கு நடந்தது. செய்தவன் வேறு ஆள். அவன் யார், அவள் யார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அது அவளுடையது. அவள் சொன்னால் சொல்லட்டும்.

"நடந்திருக்கு. இல்லங்கல. அப்போ செஞ்சவன எழுது," என்றேன்.

"யார் செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாததுனால, கையில கெடச்ச நல்ல மனுசன எடுத்து அவன் வேஷத்தப் போட்டுட்ட."

பிறகு, புத்தகம் மறுபடியும் அச்சுக்குப் போகப் போகிறது, அதில் மாற்றிவிடலாம் என்றாள். "கால் இழுக்கிறதை எடுத்துடுறேன். ஸ்டோர் என்றதையும் எடுத்துட்டு லோரி டிரைவர் என்று போட்டுடுறேன். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது."

"அப்போ லோரி ஓட்டுனவரு மகளுக்கு யாரு பதில் சொல்றது?"

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க தாத்தா லோரிதான் ஓட்டுனாரு," என்றாள். ஓட்டவில்லை, அவர் மாடு மேய்த்தவர். ஆனாலும் அந்த நேரத்தில் அதைச் சொன்னதற்காக அவளை எனக்குப் பிடித்தது.

"கார்லதானே வந்த?" என்று அந்த ஆசிரியையைக் கேட்டேன். "எந்திரி. அலோர் காஜாவுக்குப் போகணும்."

"இப்பவா?"

"ஒங்கதையினால நான் கெட்டவளா ஆயிட்டேன் ஒரு வீட்டுல. வந்து நில்லு."

வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அதற்காக அவளைப் பாராட்ட மாட்டேன், கூப்பிட்ட இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். ரெம்பியா வழியாகப் போகச் சொன்னேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, அதற்குப் பக்கத்தில் வரிசையாக மாடி வீடுகள். "இங்கதானா அம்மா?" என்று காரை மெதுவாக்கினாள். "ஓட்டு," என்றேன். பார்த்து அடுத்த புத்தகத்தில் போட்டுவிடுவாள்.

போகிற வழியெல்லாம் அவள் இரண்டு மூன்று முறை பேச்சைத் தொடங்கினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதினி வீடு தாமானில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையில், ஓரத்து வீடு. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வந்தாள். கிரில்லுக்கு உள்ளேயே நின்றுகொண்டாள். பூட்டில் கை வைக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"சாப்புட வரல. இவதான் அந்தப் புத்தகத்த எழுதுனவ. ஒனக்கு முன்னால வச்சு ஒண்ணு கேக்கணும்."

"ஒண்ணும் கேக்க வேணாம். எம்பேத்தி காலேஜுல படிக்கிறவ, அவ கூட்டாளி குடுத்தான்னு வீட்டுக்குக் கொண்டாந்து படிச்சிட்டு, பாட்டி இது யாருன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்லுறது?"

அது மூத்த பேத்தி. சின்னவளுக்குத்தான் இப்போது நீராட்டு நடந்தது.

"மதினி, குடிசையில என்கூட யாரு இருந்தா?"

"நாந்தான் இருந்தேன்னு அம்மா சொல்லும். நாலு வயசுப் புள்ள. தூங்கிக்கிட்டுக் கெடந்திருப்பேன்." கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன நடந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் என் மேல் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கேட்ட நாளிலிருந்து அவள் தன் அப்பாவையே நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆசிரியையின் புத்தகம் செய்த வேலை அது. செத்தவரை அவர் பெற்ற பிள்ளையே சந்தேகப்படுகிறாள், அதுவும் தனக்குள்ளேயே, ஒருவரிடமும் சொல்லாமல்.

"காண்டாக் கம்பு ஞாபகமிருக்கா?" என்றேன்.

தெருவில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"கம்புல பிஸ்கட்டு வரும்," என்றாள். குரல் மாறிவிட்டது. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அப்பா நீட்டும். அப்பா மீன் புடிக்குதுன்னு நெனைப்பேன். பிஸ்கட்ட எடுத்துட்டு நுனியப் புடிச்சு இழுப்பேன். வுடு புள்ள, விழுந்துருவேன்னு அங்கேருந்து கத்தும்."

"ஒரு நாளாச்சும் வாய்க்காலத் தாண்டி வந்தாரா?"

"வா வான்னு அழுவேன். வராது."

நான் அந்த ஆசிரியையின் பக்கம் திரும்பினேன். வீட்டில் வைத்து அவளிடம் இதைக் கேட்காமல் அடக்கி வைத்திருந்தேன். கேட்க வேண்டிய இடம் இது.

"இந்தச் சின்னப் புள்ள என்கூட உள்ள இருந்துச்சுன்னு ஒனக்கு நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"கம்பு?"

"அதுவும் சொன்னீங்க."

"ஒம் புத்தகத்துல நான் தனியா உக்காந்திருக்கேன். புள்ள எங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். வகுப்புக் குரல் போய்விட்டது. "அந்தப் பிள்ளை உள்ளே இருந்தா... அந்தச் சம்பவம் நடக்க முடியாது அம்மா. அதனால எடுத்துட்டேன்."

அவள் வாயாலேயே சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

மதினி அவளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள். "நாலு வயசுப் புள்ள. என்ன எங்க கொண்டுபோயி வுட்ட?"

அந்த ஆசிரியை கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள், அந்த அத்தியாயத்தையே அடுத்த முறை எடுத்துவிடுகிறேன் என்றாள். எடுக்கட்டும். எடுத்தாளா என்பது எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. முன்னாலேயே வாங்கிப் படித்தவர்கள் வீட்டில் இருப்பதை யார் போய்ப் பிடுங்குவது? அதனால்தான், எழுத்துக் கூட்டியாவது, இதை நான் எழுதுகிறேன். என் மாமா வாய்க்காலைத் தாண்டவில்லை.

மதினி சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். "நீ வா," என்றாள் என்னிடம். "அது அங்கனயே நிக்கட்டும்."

நான் நுழைந்ததும் மறுபடியும் பூட்டினாள்.

உள்ளே போனதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. "எவளோ வந்தா வாயத் தொறந்து எல்லாத்தையும் கொட்டிருவியா? ஒனக்கு அறிவு வேணாம்?" என்று திட்டிக்கொண்டேதான் கோப்பி கலக்கினாள். நானும் விடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எவளோ எழுதுனத நம்புவ, என்ன நம்ப மாட்ட," என்றேன். சீனி போடாமல் கொடுத்தாள். எனக்குச் சீனி வியாதி இருப்பதை அவள் மறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நீராட்டு நடந்த பேத்தி கைப்பேசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நகத்தில் மருதாணி இன்னும் போகவில்லை. "பாட்டி, ஏன் ஃபங்ஷனுக்கு வரல?" என்றாள்.

"கூப்புடல," என்றேன்.

மதினி சுவரைப் பார்த்தாள்.

பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டேன். அவளுக்கு வேறு சந்தேகம். "பாட்டி, அந்தக் காலத்துல ஓலைக் குடிசையில தனியா ஒக்கார வப்பாங்களாமே. ஃபோன்கூட இல்லாம போர் அடிக்காதா லா?"

நான் சொல்வதற்குள் மதினி சொன்னாள். "தனியா எங்க இருந்தா? நான் கூட இருந்தேன்ல."

சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஆசிரியை கேட்டுக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நல்ல வெயில். என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்று நிற்கிறாளாம். நான் இன்னொரு கோப்பி கேட்டேன்.